திருப்பத்தில் மாட்டிய சிறகு

எங்கள் குவார்ட்டர்ஸ் படுக்கையறையின் லாஃப்டில் பல வருஷமாக ஒரு சிறகு கிடந்தது. ஒற்றைச் சிறகு. என் மகள் நிற்கிற உயரத்தைப்போல இரண்டு பங்கு நீளம். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிய கூட்டின்மேல் வரிசை வரிசையாகத் தாளில் வெட்டிய இறகுகள். ஒரு காலத்தில் பால் வெள்ளையாக இருந்தவை, இப்போது பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டன. ஓர் இறகை நுனிவிரலால் தூக்கினால் அதன் அடியில் நீலக் கோடுகள் தெரியும். ஏதோ இயந்திரத்தின் பல்சக்கரம், கன்வேயர் பெல்ட்டின் ஒரு துண்டு, எங்கும் போய்ச் சேராத ஓர் அம்புக்குறி. பெரியப்பா நிலக்கரிச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் இருந்தார். குப்பைக்குப் போகிற பழைய வரைபடத் தாள்களைக் கேட்டு வாங்கி வருவார். அவற்றின் வெள்ளைப் புறத்தை வெளியே வைத்து, கோடு போட்ட புறத்தை உள்ளே மறைத்து, பெரியம்மா இறகு வெட்டினார்.

போன வாரம் ஒட்டடை அடிக்க ஏறியபோது அதை இறக்கி ஹாலில் வைத்தேன். மகள் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது எந்தப் பறவையோடதும்மா?" என்றாள். பறவை இல்லை, சம்மனசுடையது, தேவதூதருடையது என்றேன். "அப்போ இன்னொண்ணு எங்க?" என்றாள். சம்மனசுக்கு இரண்டு சிறகு வேண்டும் என்பது ஐந்து வயதில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பால் பொங்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கிராஃப்ட் டீச்சர். மற்ற டீச்சர்கள் போர்ஷன் முடியவில்லை என்றால் கடன் வாங்குகிற பீரியட் அவருடையது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கிடைக்கிற வகுப்பில் பையன்கள் கையில் ஊசியையும் பெண்பிள்ளைகள் கையில் ரம்பத்தையும் கொடுப்பார். ஆபீசர் வீட்டுப் பிள்ளையையும், மைன்சில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையையும் ஒரே பசைக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமாக உட்காரவைப்பார். "கையில பசை ஒட்டிக்கினு இருக்கும்போது பக்கத்துல யாருன்னு பாக்க எவனுக்கு நேரம் இருக்கு?" என்பார். அதை அவர் ஒரு தத்துவமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் பெல் அடித்ததும் கையைக் கழுவிவிட்டு அவரவர் பெஞ்சுக்கே திரும்பிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வகுப்பில் இருந்தேன்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடிக்கு அப்பால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்தது. ஊரில் ஒரு சம்மனசு கோவில். கோவில் ஒன்றுதான், ஞானஸ்நானத் தொட்டியும் ஒன்றுதான். ஆனால் பூசையில் மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கமும் காலனிக்காரர்கள் இன்னொரு பக்கமும் உட்காருவார்கள். யாரும் போய் உட்காரச் சொல்வதில்லை, அவரவரே போய் உட்காருவார்கள். திருநாளன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேர் கிளம்பும். கொட்டகையிலிருந்து வெளியே வந்து, என் தாய்மாமா வீட்டு மதில் ஓரமாக மேலத்தெருவுக்குள் திரும்பி, தெருவைச் சுற்றிக்கொண்டு, ஏரி வாய்க்காலின் மதகு வரைக்கும் வந்து நிற்கும். மதகுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கிருந்து ஜனங்கள் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு மதகுக்கு வந்து, தேர்க்காலில் தூவி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தேர் அந்தப் பக்கம் போனதில்லை. சிறுமியாக இருந்தபோது, மதகைத் தேர் தாங்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே மதகின்மேல் கரும்பு லாரி போவதைப் பார்த்தும்கூட.

காலனியிலிருந்து ஓர் அக்கா பெரியம்மா வீட்டுக்கு வருவார். மைன்சில் மண் கொட்டிய மேடுகளில் செடி நடுகிற கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. அதனால் நாங்கள் அவரை மைன்ஸ் அக்கா என்போம். பெரியம்மாவைவிட நாலைந்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வந்து கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பெரியம்மாவோடு காகிதம் வெட்டுவார். அவருக்குக் கத்தரிக்கோல் சொன்னபடி கேட்கும். பெரியப்பாவைக் கேலி செய்வார், பெரியம்மாவையும் விடமாட்டார். "இன்னா டீச்சரம்மா, பிள்ளைங்களுக்கு நேரா வெட்டச் சொல்லிக் குடுக்கறீங்க, நீங்க வெட்டினா பாம்பு போவுது." எங்களோடு ஒரே தட்டு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். குவார்ட்டர்ஸில் அது ஒரு விஷயமே இல்லை. எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த ஆட்கள், யார் என்ன என்று யாருக்குத் தெரியும்? ஆனால் திருநாள் வேலைக்காக நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஒன்று நடக்கும். குறிஞ்சிப்பாடி வரைக்கும் பெரியம்மாவும் அக்காவும் ஒரே சீட்டில் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஊர் நெருங்கும்போது, முந்திரித் தோப்பு தொடங்குகிற இடத்தில், அக்கா எழுந்து பின் சீட்டுக்குப் போய்விடுவார். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இருவரில் யார் அதை முதலில் தொடங்கியது என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். போகாதே என்று பெரியம்மா ஒரு தடவையாவது சொன்னாரா? சொன்னது போலவும் நினைவிருக்கிறது. அது அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதாகவும் இருக்கலாம்.

அது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சம்மனசு சுரூபத்தின் பழைய மரச்சிறகு செல்லரித்துப் போயிருந்தது. தேரில் சுரூபத்துக்குப் பின்னால் பெரிய சிறகாக, ஊரே வாய்பிளக்கிற மாதிரி ஒன்று செய்து கொடுக்கும்படி மாமா பெரியம்மாவைக் கேட்டார். மாமாதான் அப்போது திருநாள் கமிட்டியில் பெரிய ஆள். தங்கை டீச்சர் என்பதில் அவருக்குப் பெருமை. அளவெடுக்கப் போனோம். பெரியம்மாவிடம் டேப் கிடையாது. தாம்புக்கயிறு ஒன்றுதான் அவருடைய அளவுகோல், வேண்டிய இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். மாமா வீட்டு மதிலுக்கும் எதிரே இருக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே உள்ள அந்தத் திருப்பம்தான் வழியிலேயே குறுகலான இடம். அக்கா மதிலோரம் கயிற்றின் நுனியைப் பிடித்தார். பெரியம்மா கம்பத்தோரம் நின்றார். "சரியா புடிச்சிருக்கியாடி?" "புடிச்சிக்கினுதான் நிக்கிறேன், நீங்க இழுங்க." நான் முடிச்சைப் போட்டு அதில் சிவப்பு உல்லனைச் சுற்றினேன். பிறகு தேர்க் கொட்டகையின் வாசலையும் அளந்தோம். அது அகலமான வாசல். அந்த முடிச்சில் எதையும் சுற்றவில்லை. சிவப்பு திருப்பத்துக்கு, வெறும் முடிச்சு கொட்டகைக்கு. இப்படித்தான் என் நினைவு. இதை எழுதும்போதே மாறி இருக்குமோ என்று ஒரு கணம் கை நிற்கிறது.

ஆவணி மாதம் முழுவதும் சிறகு வேலை நடந்தது. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், வீடெல்லாம் அந்த வாடை அடிக்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூங்கிலை வெட்டும் முன் பெரியம்மா கயிற்றைத் தரையில் நீட்டி அதன்மேல் பிளாச்சை வைத்தார். எந்த முடிச்சு வரைக்கும் வைத்தார்? அப்போது நான் அங்கேதான் குந்தியிருந்தேன். என் கண் முன்னால் நடந்தது. ஆனால் எனக்கு நினைவிருப்பது அவர் கணுக்காலில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைத் தாள் துண்டு மட்டும்தான்.

திருநாளன்று தேர் கொட்டகையிலிருந்து எங்கும் இடிக்காமல் வெளியே வந்தது. சிறகைப் பார்த்து ஜனங்கள் கூவியது இன்னும் காதில் இருக்கிறது. பேண்ட் செட் முன்னால் போக, ஜெனரேட்டர் வண்டி பின்னால் வர, மாமா வீட்டுத் திருப்பத்தில் தேர் நின்றது. ஒரு சிறகு மதிலில் உரசியது, மறு சிறகு கம்பத்தில் இடித்தது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று தள்ளிப் பார்த்தார்கள். நுழையவில்லை.

"நுனிய மட்டும் வெட்டிடலாமா?" என்றார் ஒருவர்.

"இன்னாத்த வெட்டுவ? திருநாளும் அதுவுமா சம்மனசு றெக்கைய வெட்டுவியா? கை வெளங்குமா உனுக்கு?" என்று மேலத்தெரு அம்மாள் ஒருவரே சீறினார்.

"அப்போ பின்னால இழுங்கப்பா."

எங்கள் ஊரில் கிளம்பிய தேரைப் பின்னால் இழுக்க மாட்டார்கள். இழுத்தால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஜெனரேட்டர்காரர்தான் வெளியூர். அவர் சத்தமாகச் சொன்னார், "ஐயா, டீசல் தீந்துகினு வருது. எந்தப் பக்கமாவது போங்க. நடுவுல நின்னு மட்டும் யோசிக்காதீங்க."

மாமா பெரியம்மாவைப் பார்த்தார். "இன்னாம்மா இது? அளவு எடுத்தியா இல்லியா?"

"எடுத்தேன் அண்ணே. தப்பாயிடுச்சு போல."

அப்போது பங்குச் சாமியார், அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், "நேராப் போகலாமே. ரோடு இருக்குதே" என்றார். நேராகப் போனால் மதகு. மதகைத் தாண்டினால் காலனித் தெரு. அது அகலமான தெரு, அப்படியே வளைந்து தார் ரோட்டில் ஏறிக் கோவிலுக்குத் திரும்பிவிடலாம். யாரும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வடம் பிடித்தவர்களில் யாரோ இழுத்தார்கள், தேர் நகர்ந்துவிட்டது.

காலனித் தெருவில் தேர் நுழைந்ததை நான் அழகான காட்சியாக நினைவில் வைத்திருக்க விரும்புகிறேன். ஆனால் அது அழகாக இல்லை. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆட்டை விரட்டிக்கொண்டு ஒருவர் ஓடினார். குறுக்கே கட்டியிருந்த கொடியிலிருந்து துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு பெண்கள் உள்ளே போனார்கள். இரண்டு பேர் குடத்தோடு வந்து தேருக்கு முன்னால் அவசர அவசரமாகத் தண்ணீர் தெளித்தார்கள். பிள்ளைகள் அம்மணமாகக் கைதட்டின. சிலர் அழுதார்கள், அதையும் பார்த்தேன். மைன்ஸ் அக்கா மதகின் ஓரத்தில் உப்பும் மிளகும் இருந்த டம்ளரோடு நின்றிருந்தார். தேர் அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் தூவவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தேரின் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பெரியம்மா முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, பரிசு கொடுத்தவர், வாங்கியவர் அதைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல. அக்கா மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார்.

"சாமி வழி தப்பி எங்க வூட்டுப் பக்கம் வந்துட்டாரே டீச்சரம்மா."

"வழி தப்பின்னு ஏன்டி சொல்ற? வந்தாரு இல்ல?"

"றெக்க மாட்டிக்கினு வந்தாரு. மாட்டலன்னா வந்திருப்பாரா?" என்றார் அக்கா. பிறகு சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை. "எங்க மாமியா கிழிஞ்ச பொடவையோட உள்ள ஓடுது, சாமி பாத்துருவாருன்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசல் தெளிச்சி, கோலம் போட்டு, லைட்டு கட்டி வச்சிருக்க மாட்டமா? எல்லாருக்கும் இன்னா வேணும்னு நீங்களே நெனச்சிக்கிறீங்க. எங்கள யாரு கேட்டீங்க?"

பெரியம்மா வாயைத் திறந்தார். "உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அந்த அரை வாக்கியம்தான் இன்றுவரை என்னைக் குழப்புகிறது. அப்படியானால் தெரிந்தேதான் செய்தாரா? ஆனால் அண்ணனிடம் தப்பாயிடுச்சு என்றார். சாமியார் கேட்டபோது, "எனக்கே தெரியலை சாமி" என்றார். கல்லூரியில் படிக்கும்போது நானே ஒரு நாள் நேராகக் கேட்டேன். "கயித்துல முடிச்சு போட்டது நீதானே, உனக்குத் தெரியாதா?" என்று என் தலையிலேயே திருப்பிப் போட்டார். அந்தக் கயிற்றை நான் தேடியும் பார்த்தேன். துணி உலர்த்தும் கொடியாகிப் பின்பக்கம் தொங்கியது, முடிச்சுகள் அவிழ்க்கப்பட்டிருந்தன. தெரிந்தே செய்திருந்தால் அவர் துணிச்சல்காரர். தெரியாமல் செய்திருந்தால் கவனக்குறைவானவர். இரண்டும் பெரியம்மாவுக்குப் பொருந்தவில்லை. அவர் பயந்த சுபாவம், ஆனால் ஒரு நூல்கூடப் பிசகாதவர்.

மாமா அதற்குப் பிறகு மாதக்கணக்கில் டவுன்ஷிப்புக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தாய்வீட்டுப் பலகாரத் தூக்கு அம்மாவுக்கு மட்டும் வந்தது. அம்மா அதிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு எங்கள் பிளாக்கிலிருந்து பெரியம்மாவின் பிளாக்குக்குப் போனார். பெரியம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்குன்னு வந்தா சாப்பிடறேன்" என்றார். பிள்ளை இல்லாதவர் அவர். ஊர், அண்ணன், அந்த வீட்டு முன்னறையில் மாட்டியிருந்த தன் அப்பாவின் படம், இவைதான் அவருக்குப் பிறந்த வீடு. அது கையைவிட்டுப் போகிறதை அந்த ஒரு வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பசை காய்ச்சும்போது அடிப்பிடிக்கவிட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டோம்.

அடுத்த திருநாளுக்கு முன்னால் ஒரு நாள் மாமா வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பலகாரம் என்று நினைத்து நான் ஓடிப்போய் வாங்கினேன், கனத்தது. உள்ளே இரண்டு இரும்புக் கீல்கள்.

"றெக்க மடங்கணும்" என்றார் மாமா. "திருப்பத்துல மடிச்சி, தெருவுக்குள்ள போனதும் விரிச்சிக்கலாம். நீ செய்யறியா, கடலூர்ல ஆள் பாக்கட்டுமா?"

பெரியம்மா கீலைத் திறந்து மூடிப் பார்த்தார். எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. "இந்த வருஷம் வூட்டுக்கு வரலாமா நான்?" என்று கேட்டார். சேதி கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"உன் வூட்டுக்கு வர நீ யாரக் கேக்கணும்?" என்றார் மாமா. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குச் சிக்கல். தங்கை பரிமாறிய சாப்பாட்டைக் கண் கலங்கத்தான் சாப்பிட்டார்.

பெரியம்மா ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது கீல்கள் மரத்தடிக் கல்லின்மேல் கிடந்தன. அக்கா பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. "செய்யுங்க டீச்சரம்மா. உங்க அண்ணன் வூடு" என்றார். பிறகு, "அந்தப் பழைய றெக்க ரெண்டும் சும்மாதான கெடக்குது? மாதிரிக்கு ஒண்ணு எடுத்துக்கினு போறேன்" என்றார். பெரியம்மா எதற்கு மாதிரி என்று கேட்கவில்லை. கேட்காமலிருந்ததும் எனக்கு ஒரு புதிர்தான். ஒரு சிறகை எடுத்து, தாள் கசங்காமல் பழைய புடவையில் சுற்றி, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு திருநாள் வரைக்கும் அக்கா வரவில்லை.

புதுச் சிறகு நன்றாக மடங்கியது. திருநாளன்று திருப்பத்தில் மாமா சிறகை விறைப்பாக நிறுத்தியிருந்த ஆணியை இழுத்தார், சம்மனசு தோளைக் குறுக்கிக்கொண்டு மேலத்தெருவுக்குள் நுழைந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். பெரியம்மா முந்தானையில் உப்பு மிளகுப் பொட்டலத்தை முடிந்துகொண்டு என் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. தெருவைச் சுற்றித் தேர் மதகுக்கு வந்து நின்றது. அங்கே ஒருவரும் இல்லை.

பேண்ட் செட் இரண்டு பாட்டு வாசித்து ஓய்ந்தது. காலனிப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. ஒரு மூன்று சக்கர வண்டியில் சின்ன சம்மனசு சுரூபம், அதற்குப் பின்னால் தெருவின் இந்த வாசலிலிருந்து அந்த வாசல்வரை விரிந்த இரண்டு சிறகு. வெள்ளை உரச்சாக்கில் வெட்டிய இறகுகள், விளக்கு வெளிச்சத்தில் பெரியம்மாவின் தாள் இறகுகளைவிடப் பளபளத்தன. தெரு நெடுக வாசல் தெளித்திருந்தது. அந்த வண்டி மதகின் மறுபக்கம் வந்து நின்றது. நடுவில் வாய்க்கால் தண்ணீர் ஓடியது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாமியார்கூடத் தலை குனிந்து நின்றார்.

பெரியம்மா என் கையை விட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மதகில் கால் வைத்தார்.

"அந்தப் பக்கம் போனா அப்படியே போயிடு" என்றார் மாமா. கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பெரியம்மா திரும்பினார். "றெக்கைய மடிச்சிக் குடுத்துட்டேன் அண்ணே. என்னால முடிஞ்சது அவ்ளோதான்" என்றார். பிறகு நடந்தார். நான் ஓடிப்போய் மதகின் நடுவில் நின்றுவிட்டேன், அங்கிருந்து இரண்டு பக்கமும் கேட்டது. வண்டிச் சக்கரத்தில் உப்பையும் மிளகையும் தூவிக் கும்பிட்டார்.

அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு வழி தப்பிட்டீங்களா?"

பெரியம்மா சிறகின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒட்டு பத்தலடி. காத்தடிச்சா வந்துடும்."

"தெரியும். அடுத்த வருஷம் நீங்க வந்து ஒட்டுங்க. சும்மா வாயால சொல்லாம."

அடுத்த வருஷம் அவர் போனார். அதற்கடுத்த வருஷங்களும் போனார். பஸ்ஸில் அக்கா பின் சீட்டுக்குப் போகவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், நானும் உடன் இருந்தேன். ஆனால் பெரியம்மா தன் பிறந்த வீட்டு வாசலைப் பிறகு மிதிக்கவில்லை. ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ஊரில் கட்டிய வீட்டுக்குப் போகும்போது இந்த ஒற்றைச் சிறகை என்னிடம் கொடுத்தார். போன வருஷம் அந்த வீட்டில்தான் இறந்தார். மாமா வந்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்று, மடங்கியிருந்த தங்கையின் கையை நீட்டிவைக்கப் பார்த்து, முடியாமல் விட்டார்.

ஊரில் இப்போதும் இரண்டு தேர். இரண்டும் மதகின் இரண்டு பக்கத்திலும் வந்து நிற்கின்றன. நமக்கென்று ஒரு தேர் வந்தது என்று காலனிப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிரந்தரமாகப் பிரித்துவிட்டார்கள் என்று அதே தெருவில் ஒரு பெரியவர் நொந்துகொண்டதையும் கேட்டிருக்கிறேன். புது சாமியார் ஒன்றாக்கப் பார்த்தார், இரண்டு பக்கமும் சரிப்படவில்லை. பெரியம்மாவின் மூங்கிலும் பசையும் ஊரை மாற்றினவா, இல்லை ஒரு கோட்டை இன்னும் அழுத்திப் போட்டுவிட்டனவா? நான் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை. பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றால் ஒரு விடை தோன்றுகிறது. மாமாவின் குரலைப் போனில் கேட்டால் வேறொன்று தோன்றுகிறது.

மாமாதான் போன வாரம் கூப்பிட்டார். "கண்ணு, கீலு ரெண்டும் துருப்புடிச்சிப் போச்சு. றெக்கையும் உளுத்துடுச்சு. நீ அவகிட்டயே இருந்து பாத்தவ. புதுசா செஞ்சி குடுக்கறியா?" சரி மாமா என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் கேட்டால் என் வாய் முதலில் சரி என்றுதான் சொல்லும், மனசு பிறகுதான் கூட வந்து சேரும். போனை வைத்த பிறகுதான் அந்தப் பழைய சிறகு நினைவுக்கு வந்தது. அதனால்தான் ஒட்டடை சாக்கில் லாஃப்டில் ஏறினேன்.

சிறகு இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. நேற்று அதை அளந்தேன். மகள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். "சரியா புடிச்சிருக்கியா?" என்றேன். "புடிச்சிருக்கேம்மா" என்றாள். என் கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்த்து, "அது மாட்டிக்கிட்ட றெக்கையாச்சே, அதை ஏன் அளக்குற?" என்றார். சும்மா பார்க்கலாமென்று என்றேன். சும்மாதானா என்று எனக்கே தெரியவில்லை. கீல் வைத்துச் செய்தால் மாமாவின் மனசு குளிரும். கீல் இல்லாமல், இதே அளவில் செய்தால் தேர் மறுபடியும் திருப்பத்தில் மாட்டும், நேராகப் போகும். அந்தத் தெருவில் இப்போது அவர்களுடைய தேர் நிற்குமே. இரண்டு தேரும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? யார் ஒதுங்குவார்கள்? ஒதுங்க வேண்டுமா? என் குழந்தையும் அந்தக் கூட்டத்தில்தானே நிற்பாள்? இப்படியே யோசித்துச் சோற்றைக் குழைய விட்டேன்.

மூங்கில் வந்துவிட்டது. பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறப் போகிறேன். மாமா வீட்டுக்கு முதலில் இல்லை. மதகைத் தாண்டி, மைன்ஸ் அக்கா வீட்டுக்கு. எங்கள யாரு கேட்டீங்க என்று அவர் கேட்டது இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒரு கேள்வியாகக் கேட்கிறது. போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன், வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. தேர் வந்தால் வாசல் தெளிப்பீர்களா அக்கா என்று கேட்கலாம். வரவே வேண்டாம் என்று அவர் சொல்லவும் கூடும். சொன்னால், கேட்டுக்கொண்டு வரலாம்.

இப்போது மகள் தரையில் சிறகின்மேல் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். கை அதன் பாதிக்குக்கூட வரவில்லை. "இன்னொண்ணு எங்கன்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்கிறாள்.

"ஒரு அக்கா வீட்டுல இருக்கு. போய்க் கேட்கலாம்."

"குடுப்பாங்களா?"

தெரியவில்லை என்றேன்.